கூட்டம் தொடங்கும் முன் எழுந்த குரல்

என் அப்பாயி தம் வாழ்நாளில் ஒரு நாளும் பத்திரிகை வாசித்ததில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் இலங்கையின் மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கான வரிசை வீடான எங்கள் லயத்தின் முன்திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கியபடியே, அப்பா சத்தமாக வாசிக்கும் பத்திரிகையை அவர் கேட்டுக்கொண்டிருந்த விதம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அடுத்தடுத்த காம்பரா அறைகளிலிருந்து பெண்களும் வந்து உட்காருவார்கள். கொலை, களவு, சினிமா எல்லாம் வாசிக்கப்படும்போது அரிசியில் ஓடிக்கொண்டிருக்கும் அப்பாயியின் விரல்கள், சம்பளம் என்றோ பிரஜாவுரிமை என்றோ ஒரு சொல் காதில் விழுந்தால் அப்படியே நின்றுவிடும். "அதத் திருப்பிப் படி" என்பார். அப்பா திரும்ப வாசிப்பார். மூன்றாம் முறையும் வாசித்தபின், அடுத்த நாள் கொழுந்து மலையில் அந்தச் செய்தி நிரை நிரையாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு அவர் தம் கருத்தையும் சேர்த்திருப்பார்.

மீனாட்சி அம்மாளைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அந்த இஸ்தோப்புத்தான் நினைவுக்கு வந்தது. வாசிக்கத் தெரியாத பெண்களுக்காகப் பத்திரிகையில் எழுதும் ஒரு பெண், எழுதியதோடு நின்றுவிட முடியுமா என்ற கேள்வி அவர் முன் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலில்தான் மலையகப் பெண்களின், அதாவது தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த பெண்களின், அரசியல் வரலாறு தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "கோ. நடேசய்யரின் துணைவியார்" என்று தொடங்குவார்கள். அது உண்மைதான். தஞ்சாவூரிலிருந்து வந்து 1920இல் இலங்கையில் நிலைகொண்ட நடேசய்யர், இந்த மலைகளில் தொழிற்சங்கம் என்ற சொல்லுக்கே உயிர்கொடுத்தவர். தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து, வெளியார் கால் வைத்தால் குற்றம் என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை நேரில் கண்டறிந்தவர். 1924இல் தொடங்கிய 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர். சட்டநிரூபண சபை உறுப்பினர். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர். 1936 முதல், அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதி. இத்தனை வேலைகளை ஒரு மனிதர் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றபோது, பத்திரிகையின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கியவர் மீனாட்சி அம்மாள். தேசபக்தனில் அவர் எழுதினார். ஆசிரியப் பணியிலும் பங்கெடுத்தார். பெண்களின் உரிமைகளையும் வாக்குரிமையையும் பேசினார். துணைவியார் என்ற சொல்லுக்குள் இவ்வளவையும் அடக்கிவிடுவது நீதியல்ல. ஒரு நாளிதழையோ வார இதழையோ வெளியே கொண்டுவருவதில் உள்ள உழைப்பு என்னவென்று அச்சுக்கூட வாசனை அறிந்த எவருக்கும் தெரியும்.

அந்த ஆண்டுகளில் மலையகப் பெண்ணின் நிலை என்னவாக இருந்தது என்பதை ஒரு சட்டத்தின் இரண்டு எண்களே சொல்லிவிடும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று சட்டத்தால் கிடைத்ததே பெரிய முன்னேற்றம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தின் வருமானமே கொழுந்தில் இருந்தது, கொழுந்தைப் பறித்த கைகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை. அப்படியிருந்தும் அந்தக் கைகளின் விலை 11 சதம் குறைவு என்று அரசாங்கமே எழுதிக் கையெழுத்திட்டது. அந்த 43 சதத்தையும் அவள் தன் கையால் வாங்கவில்லை; கணவனோ தகப்பனோ போய் வாங்கிவருவதுதான் வழக்கமாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்பது தோட்டங்களில் 1984இல்தான் வந்தது. அதாவது என் அப்பாயி வேலையிலிருந்து நிற்கும் வயதை எட்டியபோது.

அதே 1927ஆம் ஆண்டு நவம்பரில், அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் படித்த, வசதி படைத்த வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருவரான அக்னஸ் டி சில்வா ஆணைக்குழுவின் முன் சாட்சியமளிக்கச் சென்றபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை என்ற பொருள்பட அவர் விடையளித்தார். சிங்களத் தலைவர்களும் யாழ்ப்பாணத் தலைவர்களும் சர்வசன வாக்குரிமையைக் கண்டு அஞ்சிய நேரத்தில், மூத்த தமிழ்த் தலைவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற ஒருவரே அதை எதிர்த்து நின்ற நேரத்தில், முன்பின் பார்த்திராத எங்கள் பாட்டிமார்களுக்காக ஒரு பெண் அந்த இடத்தில் தயங்காமல் பேசினார். அவருக்கு மலையகம் கடன்பட்டிருக்கிறது.

ஆனாலும் அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. அந்த அறையில் தோட்டப் பெண் பேசப்பட்டாள்; பேசவில்லை. அவள் சார்பில் மற்றவர் நல்லதைச் சொன்னார். அவளையே பேசவைக்க வேண்டும் என்ற முயற்சி வேறொரு இடத்தில், வேறொரு பெண்ணால், தேயிலை மலைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. கொழும்புச் சங்கத்தின் வேலையையும் மீனாட்சி அம்மாளின் வேலையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதவரை, 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த கதையில் பாதிதான் நமக்குத் தெரியும்.

அந்த வாக்குரிமையும் எங்களுக்கு முழுமையாக வரவில்லை. 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் என்று சொல்லப்பட்டாலும், இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 1930களில் அது மேலும் இறுகியது. கிராமச் சபைத் தேர்தல்களில் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று 1937இல் சட்டத் திருத்தம் வந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து, இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் மீனாட்சி அம்மாளின் பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. ஒரு நண்பர் மூலம் கிடைத்த அதன் சில பக்கங்களின் பிரதியை நான் பல மாதங்கள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தலைப்பைப் பாருங்கள்: அது பாட்டுப் புத்தகத்துக்கு வைக்கும் தலைப்பல்ல, பத்திரிகைத் தலையங்கத்துக்கு வைக்கும் தலைப்பு. இலங்கையில் இந்தியர்களின் நிலைமை மோசமாகி வருகிறது, அவர்களை வருத்தும் மசோதாக்கள் சபையில் கொண்டுவரப்படுகின்றன, இந்த நிலைமையைப் பாட்டுகளின் வழியே பரப்ப விரும்புகிறேன், உரிமைக்காகக் கிளர்ச்சி செய்யாமல் சும்மா இருக்கக் கூடாது என்பதே அவர் முன்னுரையில் கூறிய செய்தியின் சாரம். செய்தி, அதன் காரணம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பாட வந்தவர் அல்ல அவர். பத்திரிகை போய்ச் சேராத காதுகளுக்குப் பாட்டின் மெட்டிலேயே பத்திரிகையைக் கொண்டுபோனவர்.

கூட்டங்களில் அவர் பாடினார் என்ற வரியை வரலாற்று நூல்கள் விரைவாகக் கடந்துபோகின்றன. நான் அங்கே சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் முழுக் கனமும் புரியும். தோட்டத்துக்குள் கூட்டம் நடத்த முடியாது. கடைத்தெருவை ஒட்டிய வெளியிலோ, கோயில் முற்றத்திலோ, ரோட்டோரத்திலோதான் கூட வேண்டும். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில், வேலை வாங்கும் கங்காணியின் சத்தத்துக்குப் பேர் போட்டு, கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்று கூட்டத்துக்குப் போனால் துரைக்குத் தெரிந்துவிடும். வேலைநீக்கப் பற்றுச்சீட்டைக் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியேற்றிவிடலாம் என்ற பயம் வேறு. அப்படிப்பட்ட பெண் கூட்டத்தின் ஓரத்தில், ஆண்களுக்குப் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். மேடையில் முதலில் எழுவது தலைவரின் பேச்சு அல்ல. ஒரு பெண்ணின் குரல். அவள் அறிந்த மெட்டு, அவள் தாலாட்டுக்கும் கும்மிக்கும் பழகிய தமிழ். ஆனால் அதன் உள்ளே கூலி இருக்கிறது, சட்டசபை இருக்கிறது, அரசாங்கத்தின் மசோதா இருக்கிறது.

பேச்சை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது, பாட்டைக் கொண்டுபோகலாம். கொழுந்து பறிக்கும்போது பாட்டுப் பாடுவதை எந்தக் கங்காணியும் தடுக்கவில்லை, ஏனென்றால் அது காலங்காலமாக நடக்கும் ஒன்று. கங்காணியையும் துரையையும் குத்திக்காட்டும் பாட்டுகள் மலையகப் பெண்களிடம் அதற்கு முன்பே நிறைய இருந்தன. தோட்டத்துக்குள் பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே சுதந்திரமான பேச்சு அதுவே. அந்த வாய்க்காலில்தான் மீனாட்சி அம்மாள் அரசியலைத் திருப்பிவிட்டார். இது தற்செயலாக நடந்தது என்று நான் நம்பவில்லை. தன் வாசகர் யார், அவர் எங்கே இருக்கிறார், எந்த வழியாகப் போனால் அவரை அடையலாம் என்று யோசித்து முடிவெடுப்பதுதானே பத்திரிகைத் தொழிலின் முதல் பாடம்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரு பெண் பொதுமேடையில் நின்று, அன்னிய ஆண்கள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்க, அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம் என்பதை அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பெண் தன் கண்ணாலேயே கண்டாள். அதற்கு முன் அவள் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அரசாங்க சபையில் 1931இல் அட்லின் மொலமுறேயும், 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்துவும் அமர்ந்தார்கள். நேசம் சரவணமுத்து தமிழ்ப் பெண் என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. ஆயினும் அந்த இருவரும் தகப்பன், கணவன் என்று குடும்பத்தில் ஏற்கெனவே அரசியல் இருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு வாசல் எங்கே? அவளுக்கு இருந்த வாசல் சங்கம் ஒன்றே.

அடுத்து நடந்தது எல்லோரும் அறிந்தது. நடேசய்யர் 1947இல் காலமானார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. என் அப்பாயி 1947ஆம் ஆண்டுத் தேர்தலில், 21 வயதில், முதல் வாக்கைப் போட்டவர். இரண்டாவது வாக்கை 1994இல் போட்டார். இடையில் 47 ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள்தான் 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவை இந்த நாடு தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமைக்குரிய தேர்தலில் அப்பாயிக்கும், கொழுந்துக்கூடை சுமந்த லட்சக்கணக்கான பெண்களுக்கும் வாக்கு இருக்கவில்லை. 1964இல் அதே பிரதமரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டபோது, அப்பாயியின் தங்கை குடும்பம் கப்பலேறியது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் அவர்களை ஏற்றிவிட ஹட்டன் ஸ்டேஷனில் நின்றதை அப்பாயி கடைசிவரை பேசவில்லை. அதைக் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

1994இல் வாக்குப் போடப் போன அன்று அவர் ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய சேலையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது: கரும்பச்சை, மெல்லிய ஜரிகைக் கரை. வழியெல்லாம் பேசாமல் நடந்தார். திரும்பி வந்ததும் மையிட்ட விரலைக் கழுவாமல் வைத்திருந்தார். கழுவினாலும் போகாது என்று நான் சொன்னேன். "போகட்டும், போகாட்டும், நான் கழுவப் போறதில்ல" என்றார்.

ஆகவே மலையகப் பெண்கள் அரசியலுக்குத் தாமதமாக வந்தார்கள் என்று யாராவது கூறினால் எனக்கு மனம் வலிக்கிறது. அவர்கள் வந்தார்கள்; வாசல் அடைக்கப்பட்டது. அடைத்தது அரசாங்கம் மட்டுமல்ல என்பதையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். வாக்கு இல்லாத அந்த நீண்ட காலத்தில் மலையகத்தின் அரசியல் முழுவதும் தொழிற்சங்கத்துக்குள் ஒடுங்கியது. சங்கத்தின் சந்தாவை மாதாமாதம் சம்பளத்திலிருந்து கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள்; வேலைநிறுத்தத்தில் லயத்து வாசலில் அமர்ந்தவர்களும் பட்டினி கிடந்தவர்களும் பெண்கள். ஆனால் தோட்டத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி, பொதுச் செயலாளர் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு மாதர் தலைவி என்ற பதவி கொடுக்கப்பட்டது. அதன் வேலை மே தினத்துக்கு ஆள் திரட்டுவதும், வருகிற தலைவருக்கு ஆலத்தி எடுப்பதும் என்றே பல இடங்களில் ஆகிப்போனது.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. இருபத்துநான்காம் வயதில், ஒரு சங்கத்தின் கிளைக் கூட்டத்துக்கு நானே போயிருந்தேன். நிறுவைக் கழிவைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோட்டத்துப் பெண்கள் என்னை அனுப்பியிருந்தார்கள். ஈரக் கொழுந்துக்கும் கூடையின் நிறைக்கும் என்று நாளாந்தம் இரண்டு மூன்று கிலோவைக் கழித்துவிடுவது அவர்களின் நெடுநாள் குறை. கணக்குகளைக் கொப்பியில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போனேன். கூட்டம் தொடங்கும்போது, "தங்கச்சி நல்லாப் பாடும், ஒரு கடவுள் வாழ்த்துப் பாடட்டும்" என்றார்கள். பாடினேன். பிறகு ஆண்கள் மூன்று மணித்தியாலம் பேசினார்கள். தேநீர் கொடுக்கும்படி என்னிடம் தட்டு நீட்டப்பட்டது. கொப்பி பையிலேயே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து மீனாட்சி அம்மாளின் பாட்டுப் புத்தகத்தின் பிரதி கைக்கு வந்தபோது, கூட்டம் தொடங்கும் முன் ஒரு பெண் பாடுவதன் பொருள் எப்படி இருந்து எப்படி ஆகிவிட்டது என்று எண்ணி நான் அழுதேன். அவர் பாட்டில் நிறுவைக் கழிவும் இருந்திருக்கும்.

மாற்றம் வராமல் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 இடங்கள் பெண்களுக்கு என்ற சட்டத் திருத்தத்துக்குப் பின் 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தல் பெரிய திருப்பம். அதற்கு முன் நாடு முழுவதிலும் உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் பெண்கள். அந்தத் தேர்தலுக்குப் பின் கொழுந்து பறித்த பெண்களே பிரதேச சபை ஆசனங்களில் உட்காருவதை நாங்கள் பார்த்தோம். தோட்டங்களுக்குள் பிரதேச சபை நேரடியாகச் செலவு செய்யத் தடையாக இருந்த, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு திருத்தப்பட்டதும் அதே 2018இல்தான். 1937இல் கிராமச் சபையின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகள் உள்ளே போய், தோட்டத்து ரோட்டுக்குக் கல் போடப் பணம் கேட்டார்கள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். எந்தக் கட்சியில் என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1931இலிருந்து எண்ணினால் 93 ஆண்டுகள்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், எங்கள் பழைய தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சம்மதித்த ஒரு பெண்ணுக்காக அந்தக் கூட்டம். அவர் அன்று காலையிலும் மலைக்குப் போய் வந்தவர், விரல் நுனிகளில் கொழுந்துக் கறை போகவில்லை. மேடையில் என்ன பேசுவது என்று தெரியவில்லை, கை நடுங்குகிறது என்றார். நான் மீனாட்சி அம்மாளின் கதையைக் கூறி, பிரதியிலிருந்த பாட்டொன்றை எனக்குத் தெரிந்த மெட்டில் பாடிக் காட்டினேன்.

கதவோரத்தில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "அந்த அம்மா எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் ஒருவரைப் பற்றி நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தோட்டம் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள், ஹட்டனில் சங்கம் வைத்திருந்தார்கள் என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"அப்ப நம்ம ஆளுதான். திருப்பிப் படி."

திரும்பப் பாடினேன். இரண்டாம் முறை, தேர்தலில் நிற்கப் போகிற அந்தப் பெண் என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, நிறுவைக் கழிவைப் பற்றித் தன் சொந்த வரிகள் இரண்டைக் கடைசியில் சேர்த்துப் பாடினார்.